வயலினும் வரிசையும்: பெய்த் இபா சாவடியைக் கண்காணித்த பெண்கள்

2004 நவம்பர். இஸ்ரேல் ஆக்கிரமித்த பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் நாப்லஸ் நகரிலிருந்து மேற்கே துல்கரம் போகும் சாலையில் பெய்த் இபா ராணுவச் சோதனைச் சாவடி. பக்கத்திலேயே கல்குவாரி. அதன் வெள்ளைத் தூசி காத்திருப்பவர்களின் தலையிலும் தோளிலும் படிந்துகொண்டே இருக்கும். வயலின் பெட்டியோடு வந்த ஓர் இளைஞரை இஸ்ரேலியப் படைவீரர்கள் நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அதில் புதுமை ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் இனிப்புத் தட்டைக்கூடத் திறந்து காட்டிவிட்டுத்தான் கடக்க வேண்டும். ஆனால் அன்று பெட்டி திறந்ததோடு நிற்கவில்லை. இளைஞர் வயலினைத் தோளில் வைத்து வாசித்தார். பின்னால் வரிசை காத்து நின்றது. சற்றுத் தள்ளி நின்ற ஒரு பெண் தன் கேமராவில் அதைப் பிடித்துக்கொண்டார்.

அவர் பத்திரிகையாளர் அல்ல. மக்சோம் வாட்ச் என்ற இஸ்ரேலியப் பெண்கள் அமைப்பின் தன்னார்வலர். அவருடைய அமைப்பு அதற்கு முன்பும் பின்பும் ஆயிரக்கணக்கான அறிக்கைகளை எழுதியிருக்கிறது. உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தச் சில நிமிட வயலினை மட்டும். ஒரு கண்காணிப்புப் பணி எதைப் பார்க்கிறது, அதில் எது வெளியே கேட்கிறது, கேட்டபின் என்ன நடக்கிறது என்பதற்கு இந்த நிகழ்வைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று பேரில் தொடங்கியது

ஹீப்ருவில் மக்சோம் என்றால் தடுப்பு, சோதனைச் சாவடி. அரபியில் அதற்கு ஹாஜிஸ் என்று சொந்தச் சொல்லே இருக்கிறது. ஆனாலும் மேற்குக் கரையில் பேச்சு வழக்கில் மஹ்சூம் என்பார்கள். அதற்கு அரபி இலக்கணப்படி மஹாசீம் என்று ஒரு பன்மையும் கட்டிவிட்டார்கள். கடன் வாங்கிய சொல்லுக்குத் தன் மொழி முறையில் பன்மை போடும் அளவுக்கு ஒரு பொருள் புழங்குகிறது என்றால், அது எத்தனை முறை வழியில் குறுக்கிட்டிருக்க வேண்டும்!

2000 செப்டம்பர் இறுதியில் இரண்டாவது இன்டிஃபாடா, அதாவது பாலஸ்தீன எழுச்சி, வெடித்ததும் மேற்குக் கரை முழுக்கச் சாவடிகள் பெருகின. அங்கே நடக்கும் அத்துமீறல்கள் இஸ்ரேலியப் பத்திரிகைகளிலேயே வரத் தொடங்கின. 2001 தொடக்கத்தில் ஜெருசலேமைச் சேர்ந்த மூவர், ரோனி யேகர், யெஹுதித் கேஷெத், ஆதி குன்ட்ஸ்மன், பெத்லகேமுக்கும் ஜெருசலேமுக்கும் இடையிலுள்ள சாவடிக்கு நேரில் போய் நிற்பது என்று முடிவு செய்தார்கள். யேகர் குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் மனித உரிமைப் பணியில் இருந்தவர். கேஷெத் மரபைப் பேணும் யூதர். குன்ட்ஸ்மன் சோவியத் ஒன்றியத்திலிருந்து குடியேறியவர். மூவருக்கும் பொதுவாக இருந்தது, வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் நடப்பதைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம்தான் என்று நினைக்கிறேன்.

சில ஆண்டுகளில் உறுப்பினர்கள் 400ஐத் தாண்டினார்கள். எல்லாரும் பெண்கள். ஆண்கள் வந்தால் வீரர்களோடு மல்லுக்கு நிற்பதுபோல் ஆகிவிடும், பெண்கள் நின்றால் சூடு தணியும் என்பது அவர்கள் கணக்கு. பெரும்பாலோர் நடுவயதைக் கடந்தவர்கள், படித்த நடுத்தர வர்க்கம், ஐரோப்பிய வம்சாவளியினர். எதிரே துப்பாக்கியோடு நிற்பவனுக்கு 19, 20 வயது. அவன் பாட்டி வயதில் ஒருவர் மார்பில் அடையாளப் பட்டையைக் குத்திக்கொண்டு, குறிப்பேட்டை விரித்து, ஹீப்ருவில், "இவரை எத்தனை மணியிலிருந்து நிற்க வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். தன் மகனையோ பேரனையோ அதே ராணுவத்துக்கு அனுப்பியவர்களும் இவர்களில் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த பார்வையாளரை உதறித் தள்ளுவதுபோல் இவர்களைத் தள்ள முடியாது. வயது, மொழி, குடியுரிமை மூன்றையும் கேடயமாகப் பிடித்த பணி இது. அந்தக் கேடயம் வரிசையில் நிற்பவருக்குக் கிடையாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

வரிசை எப்படி வேலை செய்தது

நாப்லஸைச் சுற்றி அப்போது ஒரு வளையமே இருந்தது. தெற்கே ஹுவாரா, மேற்கே பெய்த் இபா, கிழக்கே பெய்த் ஃபூரிக், சரக்குக்கு மட்டும் அவர்த்தா. அவர்த்தாவில் லாரி கடக்காது. ஒரு லாரியின் பின்புறத்தை இன்னொரு லாரியின் பின்புறத்தோடு ஒட்டி நிறுத்தி மூட்டை மூட்டையாக மாற்றி ஏற்றுவார்கள். மனிதர்களுக்கும் கிட்டத்தட்ட இதே முறைதான். ஊரிலிருந்து ஒரு டாக்ஸியில் சாவடி வரை வந்து, இறங்கி நடந்து, சோதனை முடிந்து, மறுபக்கம் இன்னொரு டாக்ஸி பிடிக்க வேண்டும். இடையிலுள்ள சில நூறு மீட்டருக்குத் தள்ளுவண்டிக்காரர்கள் சாமான் தூக்கிப் பிழைத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சாவடிகள் எவையும் இஸ்ரேலுக்கும் மேற்குக் கரைக்கும் நடுவில் இல்லை. ஒரு பாலஸ்தீன ஊருக்கும் அடுத்த பாலஸ்தீன ஊருக்கும் நடுவில் இருந்தன. நாப்லஸின் அந்-நஜா பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர், மருத்துவமனைக்குப் போகும் தாய், மருமகள் வீட்டுக்குப் போகும் கிழவர், எல்லாரும் தங்கள் மாவட்டத்துக்குள்ளேயே எல்லை கடந்தாக வேண்டும்.

வரிசையில் என்ன நடக்கும்? முதலில் வயது. பல காலகட்டங்களில் 16 முதல் 35 வயதுக்குட்பட்ட ஆண்கள் நாப்லஸை விட்டு வெளியேற முடியாது. இந்த உத்தரவு எங்கும் ஒட்டப்பட்டிருக்காது. சாவடிக்கு வந்து நின்றபிறகுதான் தெரியும். நேற்று போனோமே என்றால், நேற்று வேறு. அடுத்தது உடல் சோதனை. ஆண்கள் பெல்ட்டைக் கழற்றி, சட்டையைத் தூக்கி, ஒரு சுற்று சுற்றிக் காட்ட வேண்டும். அதன்பின் பச்சை உறை போட்ட அடையாள அட்டை. சந்தேகம் வந்தால், அல்லது வீரருக்கு அப்படித் தோன்றினால், அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை ஓரமாக நிற்கவோ உட்காரவோ சொல்வார்கள். அட்டை எண்கள் தொலைபேசியில் உளவுத்துறைக்குப் போகும். பதில் வரும்வரை ஆள் அசைய முடியாது. பதில் பத்து நிமிடத்திலும் வரலாம், பல மணி நேரமும் ஆகலாம். அன்றைய தேடுதல் பட்டியலிலுள்ள எண்ணோடு ஒருவரின் எண் ஒத்துப்போனால் வீரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'பிங்கோ'. சூதாட்டத்தில் எண் விழுவதுபோல.

இதைவிட விசித்திரம் தரையில் இருந்தது, அல்லது இல்லாமல் இருந்தது. "கோட்டுக்குப் பின்னால் போ" என்று வீரர் கத்துவார். கீழே பார்த்தால் கோடே இருக்காது. வீரரின் மனதில் மட்டும் ஓடும் கோடு அது. அதற்கு இப்பால் ஓர் அடி வைத்துவிட்டால் குற்றம். மொத்தச் சாவடியையும் மூடி எல்லாரையும் காக்க வைக்க அந்த ஓர் அடி போதும். இந்தக் கற்பனைக் கோட்டை மக்சோம் வாட்ச் பெண்கள் திரும்பத் திரும்பக் குறித்திருக்கிறார்கள். இப்படியொன்று நடந்தது என்பதைப் புகைப்படத்தில் காட்ட முடியாது. பக்கத்தில் நின்று, கத்தலைக் கேட்டு, தரையைக் குனிந்து பார்த்த ஒருவர் எழுதி வைத்தால்தான் உண்டு.

அவர்கள் அறிக்கைகளின் நடை அதனால்தான் அப்படி வறண்டிருக்கிறது. மணி, சாவடிப் பெயர், நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், காத்திருக்கும் வண்டிகள் எத்தனை, ஆம்புலன்ஸ் வந்ததா, சாவடித் தளபதி என்ன சொன்னார், யாருக்குத் தொலைபேசியில் பேசினோம், யார் எடுக்கவில்லை. தொடர்ந்து பத்து அறிக்கை படித்தால் அலுப்புத் தட்டும். அலுப்பு அந்த எழுத்தின் குறையல்ல. சாவடியே ஒவ்வொரு நாளும் அப்படித்தான் இருந்தது. காத்திருப்பின் முடிவில் சிலருக்கு நேர்ந்ததை வேறு ஏடுகளில் பார்க்கலாம். 2000 முதல் 2006 வரை சாவடிகளில் நடந்த பிரசவங்கள் 69 என்றும், அவற்றில் 35 சிசுக்களும் 5 தாய்மார்களும் இறந்தார்கள் என்றும் பாலஸ்தீன சுகாதார அமைச்சகம் கணக்கிட்டது. ஐ.நா. மனித உரிமை ஆணையரின் அறிக்கையிலும் அந்த எண் இடம்பெற்றது.

துப்பாக்கிக்குப் பின்னால் நின்றவர்

வீரர்களின் அச்சம் கற்பனையானதல்ல. 2002 மார்ச் 3 அன்று ரமல்லாவுக்கு வடக்கே வாதி ஹராமியா சாவடியில் ஒளிந்திருந்து சுட்டதில் 10 இஸ்ரேலியர் இறந்தார்கள். அதே மாதம் இஸ்ரேலின் நெதன்யா நகர ஓட்டலில் தற்கொலைத் தாக்குதலில் 30 பேர். 2004 மார்ச்சில் ஹுவாரா சாவடியிலேயே, உடம்பில் வெடிகுண்டுப் பட்டியுடன் ஒரு பதின்வயதுச் சிறுவனைக் கேமராக்களின் முன்னால் பிடித்தார்கள். சாவடி இல்லையென்றால் அந்தச் சிறுவன் எங்கே போயிருப்பான் என்று ராணுவம் கேட்டது. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த நியாயம், பிரசவ வலியில் நிற்கும் பெண்ணையோ பட்டியலில் இல்லாத மாணவனையோ மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்துவது வரை நீளுமா என்பதற்குத்தான் ராணுவத்திடம் பதில் இருந்ததில்லை.

ஹுவாராவில் இன்னொன்றும் நடந்தது. சாவடித் தளபதி ஒருவர் பாலஸ்தீனர்களை அடித்து, வழக்கு நடந்து, 2004இல் அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவரைச் சிக்கவைத்த படத்தை எடுத்தது எதிர்ப்பாளர் யாருமில்லை. ராணுவத்தின் சொந்தக் கல்விப் பிரிவு பயிற்சிக்காக எடுத்த படம் அது! கேமரா ஓடுவது தெரிந்தே அடித்திருக்கிறார். தவறு செய்கிறோம் என்ற எண்ணம் இருந்தவர் அப்படிச் செய்திருப்பாரா?

ஒரு படம், ஒரு நினைவு

இனி வயலினுக்கு வருவோம். மக்சோம் வாட்ச் அந்தப் பதிவை வெளியிட்டதும் நவம்பர் கடைசியில் இஸ்ரேலியப் பத்திரிகைகள் பற்றி எரிந்தன. வாசிக்கும்படி வீரர்கள் சொன்னார்கள், சோகமாக ஏதாவது வாசி என்றார்கள், கேலி செய்தார்கள் என்பது இளைஞர் சொன்னது. வீரர்கள் உணர்வில்லாமல் நடந்துகொண்டார்கள், ஆனால் அவமானப்படுத்தும் நோக்கம் இல்லை என்று ராணுவம் முதலில் சொன்னது. பிறகு விசாரித்துவிட்டு, அவர் தானாகவே வாசித்தார் என்றது. துப்பாக்கி முன்னால் ஒருவர் 'தானாகவே' செய்வது என்றால் என்ன என்று யாரும் விளக்கவில்லை.

அந்த மாதங்களில் இதைவிடக் கொடிய செய்திகள் வந்துகொண்டிருந்தன. காசாவின் ரஃபாவில் பள்ளிக்குப் போன 13 வயதுச் சிறுமியை ராணுவம் சுட்டுக் கொன்று, தளபதி அருகில் போய் உடம்பில் மேலும் சுட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது அதற்கு முந்தைய மாதம்தான். ஆனால் வயலின் தொட்ட இடம் வேறு. நாஜி முகாம்களில் யூத இசைக் கலைஞர்கள் காவலர்களுக்காக வாசிக்க வைக்கப்பட்ட நினைவு இஸ்ரேலியச் சமூகத்தின் எலும்புக்குள் இருக்கிறது. எழுத்தாளர் யோராம் கனியுக் அதைத்தான் பிடித்தார். இந்த மண்ணில் நம் இருப்பை நியாயப்படுத்தியது முகாம்களில் வாசித்த அந்த யூத வயலின்கள், இப்போது நாமே ஓர் அரபியை நிறுத்தி வாசிக்கவைத்துச் சிரித்தால் நமக்குச் சொல்லிக்கொள்ள என்ன மிஞ்சும் என்ற தொனியில் எழுதினார்.

உருக்கமான எழுத்துதான். ஆனால் நிதானமாகப் படித்தால் அதில் மையமாக இருப்பது பெய்த் இபாவில் நின்ற இளைஞர் அல்ல என்பது புரியும். கனியுக்கின் துயரம் இஸ்ரேலைப் பற்றியது, அதன் ஆன்மாவைப் பற்றியது. இளைஞர் அதற்கு ஒரு கண்ணாடியாக மட்டும் பயன்பட்டார். படம் வலித்ததற்குக் காரணம் பார்த்தவர் தன் பாட்டனை அதில் கண்டது. இனிப்புத் தட்டோடு நின்றவரிடம் யாரும் யாரையும் காணவில்லை. அட்டையைக் கொடுத்துவிட்டு மூன்று மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவருக்கு ஈடாக ஐரோப்பிய நினைவில் படம் ஒன்றும் இல்லை. அதனால் அவருக்குத் தலையங்கமும் இல்லை.

மனித உரிமைப் பணியில் இருப்பவர்கள் இதை வெற்றிக் கதையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: ஒரு கேமரா, ஒரு தன்னார்வலர், ஒரு தேசமே அதிர்ந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதிர்ந்ததென்னவோ உண்மை. ஆனால் வரிசை அங்குலமும் நகரவில்லை. வயலினை வாசிக்கச் சொன்னது தவறு என்பதில் வலதும் இடதும் ஒத்துப்போனார்கள். வாசிக்கச் சொல்லாமல் பெட்டியைத் திறந்து பார்த்து, இரண்டு மணி நேரம் நிறுத்தி அனுப்பியிருந்தால்? எல்லாம் முறைப்படி நடந்தது என்றிருப்பார்கள்.

நிழல் கேட்டால் கட்டடம் வந்தது

சாவடியில் நிற்கும் பெண் குறிப்பெடுப்பதோடு நிற்பதில்லை. மாவட்டத் தளபதியின் எண், ராணுவ நிர்வாகம் நடத்தும் 'மனிதாபிமான' உதவி மையத்தின் எண், ஒருங்கிணைப்பு அலுவலக அதிகாரியின் எண் எல்லாம் கைபேசியில் இருக்கும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையோடு ஒருவர் நிற்கிறார் என்றால் நாலு எண்ணுக்கு அடிப்பார். சில வேளை ஐந்தாவது நிமிடத்தில் வழி திறக்கும். சில வேளை தொலைபேசி அடித்து அடித்து ஓயும். வழி திறந்தால் அந்தக் குழந்தை மருத்துவமனைக்குப் போய்விடும். இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் இதிலேயே ஒரு முள்ளும் இருந்தது. சலுகை கேட்பவர், மறுக்கும் அதிகாரத்தையும் ஒப்புக்கொண்டுதானே கேட்கிறார்? "இவரை மட்டும் விடுங்கள்" என்றால், மற்றவர்களை நிறுத்துவது சரி என்றாகிவிடாதா? அமைப்புக்குள் இந்த வாதம் தொடக்கத்திலிருந்தே ஓடியது. ஆக்கிரமிப்பை எதிர்க்கிறோமா, அதன் முனையைக் கொஞ்சம் மழுக்கிக் கொடுக்கிறோமா என்று கேட்டவர்கள் உள்ளேயே இருந்தார்கள். பாலஸ்தீனர்களும் ஒரே குரலில் பேசவில்லை. நீங்கள் நிற்கும்போது வீரர்கள் ஒழுங்காக நடக்கிறார்கள் என்றவர்கள் உண்டு. நீங்கள் வந்து நிற்பதால் இது ஏதோ நாகரிகமான ஏற்பாடுபோல் தெரிகிறது என்றவர்களும் உண்டு.

இந்த வாதம் நூலகத்தில் தீர்வதல்ல, தரையில் அது எப்படி நடந்தது என்று பார்க்கலாம். வெயிலில் நிற்கிறார்கள், நிழல் இல்லை, தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, முதியவர்களும் பெண்களும் நெரிசலில் சிக்குகிறார்கள். அறிக்கைகள் இதையெல்லாம் எழுதின. ராணுவம் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கூரை போட்டது. குழாய் வைத்தது. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் தனி வரிசை போட்டு அதற்கு 'மனிதாபிமான வரிசை' என்று பெயரிட்டது. சாவடிகளில் வயதான ரிசர்வ் வீரர்களை 'மனிதாபிமான அதிகாரி' என்று நிறுத்தியது. பாலஸ்தீனர்களின் அன்றாடத்தைக் குறிக்க 'வாழ்வின் நெசவு' என்றொரு கவித்துவமான சொல்லும் ராணுவ ஆவணங்களில் புழங்கத் தொடங்கியது. நெசவை அறுத்தவர்களே அதற்கு இழை கோத்துக் கொடுக்கும் மொழி.

கூரை பெரிதாகிக் கட்டடமானது. ஜெருசலேமுக்கும் ரமல்லாவுக்கும் இடையே கலந்தியாவில் மணல் மூட்டையும் சிமெண்ட் கட்டையுமாக இருந்த சாவடி, மேற்குக் கரையை ஒட்டி இஸ்ரேல் எழுப்பிய பிரிப்புச் சுவர் வளர்ந்த ஆண்டுகளில் விமான நிலைய முனையம்போல் மாறியது. சுழல் கதவுகள், குண்டு துளைக்காத கண்ணாடி, ஒலிபெருக்கி. வாசலில் ரோஜாப் பூ வரைந்து 'நம் அனைவரின் நம்பிக்கை' என்று மூன்று மொழியில் ஒரு பலகை. சுழல் கதவின் கம்பிகளுக்கு இடையே உள்ள அகலத்தைக் கட்டடக்கலை ஆய்வாளர் ஏயல் வைஸ்மன் பதிவு செய்திருக்கிறார். இஸ்ரேலுக்குள் பொது இடங்களில் வைக்கும் சுழல் கதவுகளில் 75 முதல் 90 செ.மீ., ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிக்கென்று தருவித்தவற்றில் 55 செ.மீ. இருபது செ.மீ. குறைத்தால் என்ன ஆகும்? கர்ப்பிணியும் பை தூக்கியவரும் நடுவில் சிக்குவார்கள். கதவை எந்த நேரமும் பூட்ட உள்ளே ஒருவர் பொத்தானில் கை வைத்திருப்பார். முன்பு வீரர் அடித்தால் எதிரே ஒரு முகம் இருந்தது. இப்போது நெரிப்பது கம்பி, பேசுவது ஒலிபெருக்கி. பல இடங்களில் ராணுவ உடையும் போய்த் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் வந்துவிட்டார்.

புகாரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் ஓர் ஏற்பாடு, திருத்தத் திருத்தக் கெட்டிப்படும். பெண்கள் கேட்டது சாவடிகள் நீங்க வேண்டும் என்று. கிடைத்தது நல்ல சாவடி. இதற்கு அவர்களைக் குறை சொல்வது அநியாயம். வெயிலில் நிற்பவருக்கு நிழல் கேட்காமல் கொள்கை பேசிக்கொண்டு நின்றிருக்க யாரால் முடியும்?

2009இல் பெய்த் இபா சாவடியை எடுத்தார்கள். ஹுவாராவிலும் வண்டிகள் நிற்காமல் போக ஆரம்பித்தன. அரசியல் கணக்கு மாறியது, நாப்லஸைச் சுற்றிய வளையம் தளர்ந்தது. கண்காணிப்புக்கு அதில் எவ்வளவு பங்கு என்று அளக்க வழியில்லை. நான் பெரிதாகக் கொடுக்க மாட்டேன்.

காகிதத்தைக் கண்காணிப்பது

பெண்களும் பாடம் கற்றுக்கொண்டார்கள். தடை சாவடியில் தொடங்குவதில்லை, அலுவலகத்தில் தொடங்குகிறது என்பது புரிந்ததும் அங்கே போனார்கள். இஸ்ரேலுக்குள் வேலைக்குப் போக அனுமதி கேட்கும் தொழிலாளிக்கு 'பாதுகாப்புத் தடை' என்று ஒரு சொல்லில் பதில் வரும். காரணம் எழுதப்படாது. கொத்தனாரும் பெயிண்டரும் தன் குற்றம் என்னவென்று தெரியாமலேயே வருடக்கணக்கில் முடங்குவார்கள். மக்சோம் வாட்சில் ஒரு குழு இந்தத் தடைகளை எதிர்த்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது, உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோனது. வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே தடை சத்தமில்லாமல் நீங்கிய சந்தர்ப்பங்கள் பல. அப்படி எளிதாக நீங்கிய தடை முதலில் எதற்காக விழுந்தது? நீதிபதி முன்னால் அந்தக் கேள்வி வராமலிருக்கவே அது நீங்கியது.

இன்னொரு குழு ஓஃபர் ராணுவ நீதிமன்றத்தில் உட்கார்ந்தது. வேறு சிலர் பிரிப்புச் சுவரின் பகுதியான வேலியிலுள்ள விவசாய வாயில்களுக்குப் போனார்கள். வீடு வேலிக்கு ஒருபக்கம், ஒலிவத் தோப்பு மறுபக்கம். வாயில் ஒரு நாளில் காலை, மதியம், மாலை கொஞ்ச நேரம் மட்டும் திறக்கும். சில வாயில்கள் ஒலிவ அறுவடைக் காலத்தில் மட்டும். தன் மரத்தைப் பார்க்கத் தன் பெயரில் அனுமதிச் சீட்டு வேண்டும், அது காலாவதியாகும். வீரர் தாமதமாக வந்தால் அன்றைய வேலை போச்சு. அங்கே நின்று மணி குறித்தவர்களும் மக்சோம் வாட்ச் பெண்கள்தான்.

வெளியிலிருந்து வந்த பார்வையாளர்களின் நிலை இதைவிடப் பலவீனமாக இருந்தது. மேற்குக் கரையின் தெற்கிலுள்ள ஹெப்ரானில் ஆறு நாடுகள் சேர்ந்து நடத்திய சர்வதேசப் பார்வையாளர் குழு, அங்கே யூதக் குடியேறி ஒருவர் நடத்திய 1994 மசூதிப் படுகொலைக்குப் பிறகு இஸ்ரேலே கையெழுத்திட்ட உடன்பாட்டில் உருவானது. 2019 ஜனவரியில் அதன் காலத்தை நீட்டிக்க இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாஹு மறுத்தார், குழு மூட்டை கட்டியது. உலகத் திருச்சபைகள் மன்றம் 2002இல் தொடங்கிய துணைநிற்போர் திட்டத்தின் தன்னார்வலர்களும் அதே மாதம் தொல்லை தாங்காமல் ஹெப்ரானை விட்டு விலகினார்கள். அவர்கள் பெத்லகேம் சாவடியில் விடியற்காலை நாலு மணிக்கே நின்று, கையெண்ணியில் தலைகளை எண்ணி, எத்தனை பேர் எத்தனை நிமிடத்தில் கடந்தார்கள் என்று குறித்தவர்கள். ஹெப்ரானில் நடப்பதை உள்ளூர்க்காரர்களே தங்கள் கேமராவில் பிடிக்க வேண்டியதாயிற்று.

யாரைப் பார்ப்பது

2019இல் கலந்தியாவில் தானியங்கி வாயில்கள் வந்தன. அட்டையை வைத்து முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். வரிசை குறைந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஹெப்ரான் சாவடிகளில் முகத்தை அடையாளம் காணும் 'ரெட் உல்ஃப்' என்ற முறை பயன்படுவதாக 2023இல் ஆம்னஸ்டி என்ற சர்வதேச மனித உரிமை அமைப்பு அம்பலப்படுத்தியது. கேமரா முகத்தைப் பிடிக்கும், தரவுத்தளத்தில் தேடும், கடக்கலாமா என்று வண்ணத்தில் சொல்லும். வாயிலில் நிற்கும் பாட்டி யாரிடம் போய் "ஏன்?" என்று கேட்பார்? வீரருக்கே காரணம் தெரியாது. எழுதி வைக்க ஒரு கத்தலும் இல்லை, குனிந்து பார்க்க ஒரு கோடும் இல்லை.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய பிறகு எல்லாம் ஒரே அடியாகப் பின்னோக்கிப் போனது. தொழிலாளர் அனுமதிகளை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தினார்கள். கிராமங்களின் வாசலில் மஞ்சள் இரும்புக் கதவுகள் முளைத்தன. 2025 தொடக்கத்தில் ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் கணக்கெடுத்தபோது மேற்குக் கரையில் நடமாட்டத் தடைகள் 849. இரவும் பகலும் ஆள் நிற்கும் சாவடிகள் அவற்றில் 94 மட்டுமே. சாலைக் கதவுகள் 288. இரும்புக் கதவைப் பூட்டிவிட்டு வீரர்கள் போய்விடுவார்கள். எப்போது திறக்கும் என்று கதவில் எழுதியிருக்காது.

முதிய பெண்கள் நாலு பேர் ஒரு காரில் ஏறி 849 இடத்தைப் பார்த்து வர முடியாது. அந்த வேலையை இப்போது சாலையில் போகிறவர்களே செய்கிறார்கள். டெலிகிராமிலும் வாட்ஸப்பிலும் 'அஹ்வால் அத்-துருக்', அதாவது சாலை நிலவரம், என்ற பெயரில் மேற்குக் கரை ஓட்டுநர்களின் குழுக்கள் ஓடுகின்றன. டாக்ஸிக்காரர், ஆசிரியை, செவிலியர், பால் வண்டிக்காரர் எல்லாரும் அதில் உண்டு. யாரும் அறிக்கை எழுதுவதில்லை. யாருடைய மனசாட்சியையும் தட்ட அவர்களுக்கு நேரமில்லை. விடிவதற்குள் கேள்விகள் விழ ஆரம்பிக்கும்: ஹுவாரா? ஸாத்தரா? வாதி நார்? ஒரு சொல்லில் பதில் வரும். ஸாலிக் என்றால் வழி இருக்கிறது. அஸ்மே என்றால் நெரிசல். முஸக்கர் என்றால் பூட்டு. கேட்டவர் அதைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்புவார், அல்லது சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு தேநீர் குடிக்க உள்ளே போவார்.